துரையின் காரைவிடச் சின்னது

1. லொறியில் வந்தது

புதுக் கார் வந்து இறங்கும்போது ஊரே நின்று சிரித்தால், அதை விற்க வேண்டியவன் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விற்பனைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் "டார்கெட், டார்கெட்" என்று புலம்புவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

ஹட்டன் டவுனில் எங்கள் கம்பெனிக்கு ஒரு கிளை இருந்தது. நான் அங்கே சேல்ஸ்மேன். பெயர் சவரிமுத்து. எல்லோருக்கும் சவரி. அன்று காலையிலிருந்து மழை. கொழும்பிலிருந்து வந்த லொறியை மூடியிருந்த படங்கை அவிழ்த்தோம். உள்ளே பச்சை நிறத்தில் இரண்டு கார்கள், பேக்கரிப் பெட்டியில் பாண் அடுக்கின மாதிரி நின்றன. எதிரே பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு மனுஷன் குடையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது குட்டியா? தாய் பின்னாடி லொறியில வருதா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்கே தோன்றவில்லை.

எங்கள் கம்பெனி வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பெரிய பெரிய இங்கிலீஷ் கார்களை விற்றுப் பிழைத்தது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் அவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. கொழும்பில் உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கார் பூட்டும் தொழிற்சாலை ஒன்றை வைத்துக்கொண்டு எங்கள் கம்பெனி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்போது டிரெக்டர் ஒரு முடிவு எடுத்தார். வெளிநாட்டிலிருந்து சாமான்களைப் பெட்டி பெட்டியாக இறக்கி, இங்கே பூட்டி, ஒரு சின்னக் கார் விற்பது. அதுதான் கம்பெனியின் கடைசிச் சீட்டு. பச்சை பெயின்ட் மட்டும் எங்கிருந்தோ மலிவாகக் கிடைத்ததால் எல்லாக் காரும் பச்சை.

அந்தக் காருக்கு டிரெக்டர் வைத்த பெயர் 'கவர்னர்'. காரைப் பார்க்காமலே பெயர் வைத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். முன்னால் பொனட்டில் ஒன்று, பின்னால் ஒன்று என்று பளபளக்கும் வெள்ளித் தகட்டில் இங்கிலீஷ் எழுத்து. அந்தத் தகடு அகலத்துக்குக் கார் அகலம் இல்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் மெனேஜர் மெண்டிஸ் மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நல்ல மனுஷன், சந்தையில் பழகிய தமிழ் பேசுவார். டெலிபோனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முகம் செத்துப் போயிருந்தது.

"சவரி, இதோட சேத்து ஆறு கார் அனுப்புறாங்களாம். சித்திரை வருஷம் பொறக்க முந்தி ஆறும் போகணும். போகல்லன்னா ஹட்டன் கடைய மூடு, சாவிய அனுப்புன்னு டிரெக்டர் சொல்றார்."

"மூடிட்டா நாங்க?"

"நீ தோட்டத்துக்குப் போ. நான் மனுசிகிட்ட ஏச்சு வாங்கப் போறேன்."

எனக்குத் தோட்டத்துக்குப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஸ்டெல்லா, வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய அப்பா செபஸ்தியான் அதே தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கர். ஃபெக்டரியே அவர் பொறுப்பு என்றால் தோட்டத்தில் அது எவ்வளவு பெரிய உத்தியோகம் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "கம்பெனி உத்தியோகம் உள்ள பையன்" என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர் சம்மதித்தார். தவக்காலம் முடிந்து, ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம். கம்பெனி போனால் உத்தியோகம் போகும். உத்தியோகம் போனால் ஸ்டெல்லா போவாள்.

2. மூட்டையா, நானா

முதலில் கடைக்காரர்களிடம் போனேன். தலவாக்கலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் காரைச் சுற்றி வந்தார். குடைக் கம்பியால் டயரைத் தட்டினார். ஒரு வார்த்தை பேசாமல் கடைக்குள் போய் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வரச் சொன்னார். மூட்டை பின் சீட்டில் ஏறியது. கார் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பிறகு ஹாஜியார் முன் சீட்டில் ஏறினார். கதவு சாத்தவில்லை. மூட்டையை இறக்கினோம், சாத்தியது. மறுபடி ஏற்றினோம், சாத்தவில்லை.

"தம்பி, ஒண்ணு மூட்டை போகணும், இல்லாட்டி நான் போகணும்" என்றார் ஹாஜியார். "நான் மட்டும் போறதுக்கு பஸ் இருக்கு. மூட்டை மட்டும் போறதுக்கு அதுக்கு லைசன் இருக்கா?"

தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினார். அடுத்து டவுனில் இருந்த டாக்டர், கொன்ட்ராக்டர், ஸ்கூல் பிரின்சிபல் என்று எல்லோரையும் பிடித்தேன். கொன்ட்ராக்டர் தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைத் தூக்க முடியுமா என்று பார்த்தார். தூக்க முடிந்தது. அதுதான் பெரிய கொடுமை.

3. ஸ்டெல்லா சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை முறைத்தாள்.

"காரு வாங்குறவங்ககிட்ட போகாம ஏன் கடக்காரங்க பின்னாடி சுத்துறீங்க? தோட்டத்து ஸ்டாப்புகிட்ட போங்க. கிளாக்கர், டிஸ்பென்சர், எங்க அப்பா மாதிரி ஆளுங்க."

"அவங்க யாரும் காரு வாங்குறதில்லையே?"

"ஏன் வாங்குறதில்லன்னு நினைக்கிறீங்க? காசு இல்லாமயா? தொரைக்குப் பயந்துக்கிட்டு வாங்கல. எங்க அப்பா காரு படத்தக் கத்திரிச்சு பைபிளுக்குள்ள வச்சிருக்காரு."

தோட்டத்தில் அப்போதும் ஓர் எழுதாத சட்டம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள், நம் நாட்டுக்காரர்களே தோட்டத்தை நடத்தும் துரைமாராக வந்துவிட்டார்கள். ஆனால் சட்டம் மட்டும் பங்களாவிலேயே தங்கிவிட்டது. துரையின் கார்ச் சத்தம் கேட்டால் குடையை மடக்கி ஓரமாக நிற்க வேண்டும். சைக்கிளில் வந்தால் இறங்க வேண்டும். துரையின் காரை முந்துவது என்ற பேச்சே கிடையாது. துரை வைத்திருப்பது பழைய கார், அப்படியிருக்க ஸ்டாஃப் ஒருவர் பெரிய கார் வாங்கினால் அடுத்த மாதமே வலப்பனைப் பக்கம் ஏதாவது ஒரு மூலைத் தோட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்படி மாற்றப்பட்ட ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பினார்கள்.

அன்று பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு டீமேக்கரின் குவாட்டர்ஸுக்குப் போனேன். ஸ்டெல்லாவின் அப்பா கட்டைக் குட்டையான ஆள், தலைக்குக் கம்பளித் தொப்பி. காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே பங்களா இருக்கும் திசையைப் பார்த்தார், முகம் கூம்பியது.

"ச்சும்மா ஒரு சுத்து போய்ட்டு வருவோம் மாமா" என்றேன்.

"தொரை டவுனுக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள திரும்பிடணும் மாப்ள."

டீமேக்கர் முன் சீட்டில், ஸ்டெல்லா பின்னால். ஃபெக்டரியைத் தாண்டி இரண்டு வளைவு போயிருப்போம். கீழே துரையின் பழைய கார் இருமிக்கொண்டு மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது. டீமேக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள! மாப்ள!" என்று கிசுகிசுத்தார்.

பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை, எங்கள் பேச்சில் மடுவம், இருந்தது. அதற்கும் தேயிலைச் செடிகளுக்கும் நடுவே ஒரு சந்து. காரை ரிவர்ஸில் உள்ளே சொருகினேன். வேறு எந்தக் காரும் அதற்குள் போயிருக்காது. டீமேக்கர் சீட்டை விட்டு இறங்கிக் கால் வைக்கும் இடத்தில் சுருண்டுகொண்டார். செடிகளுக்கு மேலே எங்கள் காரின் பச்சைக் கூரை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

துரையின் கார் வந்தது. நின்றது. எனக்கு உயிர் நின்றது. துரை கண்ணாடியை இறக்கி, மடுவத்துக் காவலுக்கு இருந்த வாட்சரைப் பார்த்து, "ஏய், ஞாயித்துக்கிழமை கொழுந்து வெளியே கிடக்குதா? மழை வரப் போகுது, நல்லா மூடு!" என்று சத்தம் போட்டார்.

வாட்சர் எங்கள் காரைப் பார்த்தார். அதற்குள் சுருண்டு கிடந்த டீமேக்கரைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். "சரிங்க தொரை" என்றார். உள்ளே போய் ஒரு தார்ப்பாயை எடுத்து வந்து, எங்கள் மூன்று பேரையும் சேர்த்து மூடி, நான்கு மூலைக்கும் கல் வைத்தார். துரை திருப்தியாகப் போய்விட்டார்.

தார்ப்பாய்க்குள் ஒரே இருட்டு. ஸ்டெல்லா பின்னாலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவளுடைய அப்பா கீழேயிருந்து மெல்லத் தலையைத் தூக்கினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தொரை பார்க்கவே இல்ல மாப்ள! காருன்னே தெரியல! இத எனக்கு எழுதுங்க!"

இருபது வருஷம் கார் விற்றிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒருவர் கார் வாங்குவது அந்த ஒரு தடவையோடு முடிந்துவிடும் என்று அப்போது நினைத்தேன்.

4. பிஸ்கட் டின்

டீமேக்கர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அந்தக் 'கவர்னர்' தகடுகளைக் கழற்றித் தர வேண்டும். "நான் டீமேக்கருங்க. கவர்னருன்னு போட்டுக்கிட்டுத் தொரை முன்னாடி போனா நல்லாவா இருக்கும்?"

எங்கள் கராஜில் கருணாதாச பாஸ் இருந்தார். மெக்கானிக்கை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தகடுகளை நோகாமல் கழற்றி, துளைகளை அடைத்து, பச்சை பூசிக் கொடுத்தார். தகடுகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். கம்பெனிச் சொத்தை எறிய அவருக்கு மனசு வரவில்லை.

மடுவத்துக் கதையை வாட்சர் சும்மா வைத்திருப்பாரா? அடுத்த வாரமே பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வந்தார். கடை வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அந்த மறையிற காரு இங்கதானே விக்கிறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்து என்ஜினைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் வேணாம். தொரையோட காரவிடச் சின்னதா?"

"ரொம்பச் சின்னதுங்க."

"பக்கத்துல நின்னா?"

"பக்கத்துல நின்னா பாவமா இருக்கும்."

"அப்ப ஒண்ணு எடுத்து வையுங்க. அந்தப் பேரக் கழட்டிருங்க."

அதோடு எனக்குப் புத்தி வந்தது. 'சொகுசு', 'கம்பீரம்' என்று கொழும்பு அனுப்பிய விளம்பரத் தாள்களை மேசைக்குள் தள்ளினேன். போகிற தோட்டத்திலெல்லாம் என் பேச்சே மாறியது. இது கார் மாதிரியே இருக்காதுங்க. தூரத்திலிருந்து பார்த்தால் மூட்டை. ஹோர்ன் அடித்தால் கோழிக்குஞ்சு. ஏறி உட்கார்ந்தால் யாருக்கும் உங்கள் மேல் பொறாமை வராது, பரிதாபம்தான் வரும். நான் குறை சொல்லச் சொல்ல வாங்குகிறவர்கள் முகம் தெளிந்தது. கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் சின்னதா கெடைக்காதா?" என்று கேட்டார்.

ஆறு காரும் போய்விட்டன. கொழும்பு மேலும் அனுப்பியது, அவையும் போயின. பிஸ்கட் டின் நிறைந்து பாஸ் இரண்டாவது டின் தேடினார். டிரெக்டர் டெலிபோனில் மெண்டிஸ் மாத்தயாவைப் பாராட்டினார். மலைநாட்டில் இந்தக் காரின் கம்பீரம் நன்றாக எடுபடுகிறது போலிருக்கிறது என்றாராம். மாத்தயா என்னைப் பார்த்துக்கொண்டே, "ஓமோம், கம்பீரந்தான் சேர்" என்றார்.

5. பேரிடி

மனுஷனுக்கு நல்ல காலம் வந்தால் கூடவே டிரெக்டரும் வருவார். எங்கள் விற்பனையைக் காட்டி அவர் கொழும்பில், தோட்டங்களை நடத்தும் பெரிய ஆபீஸில் பேசியிருக்கிறார். துரைமாரின் பழைய கார்கள் எல்லாம் மலையேறும்போது கொதிக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக நம் காரையே கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. மெண்டிஸ் மாத்தயா என்னைக் கட்டிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் சுற்றினேன். பாதிச் சுற்றில்தான் எனக்கு உறைத்தது.

"மாத்தயா, தொரைக்கும் இதே காரா?"

"ஓம், இதே கார்."

"அப்ப எங்க ஆளுங்க காரு, தொரை காரவிடச் சின்னது இல்லையே?"

மாத்தயாவின் கை என் தோளிலிருந்து நழுவியது.

முதல் கார் எங்கள் டீமேக்கரின் துரைக்குத்தான் வருவதாக இருந்தது. செய்தி எப்படித்தான் பறந்ததோ, மறுநாள் காலையில் டீமேக்கர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கார்ச் சாவியைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்தார். என் மேசையில் வைத்தார். அவர் பின்னாலேயே கிளாக்கர் வந்தார், டிஸ்பென்சர் வந்தார். மேசையில் வரிசையாகச் சாவிகள்.

"எடுத்துக்கிங்க மாப்ள" என்றார் டீமேக்கர். "தொரை எந்தக் காருல போறாரோ அதே காருல நான் எப்படிப் போறது? முப்பது வருஷமா தொரை வாசல்ல தொப்பியக் கழட்டிட்டு நிக்கிறவன்."

"மாமா, எல்லாரும் திருப்பிக் குடுத்தா கடைய மூடிருவாங்க. என் வேலை போயிரும்."

அவர் சாவியை என் பக்கம் தள்ளினார். "வேலை போனா... கல்யாணத்தையும் அப்புறமாப் பேசிக்குவோம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கும் மனசில்லை என்பது நிஜம். ஆனால் சொல்லிவிட்டார். எனக்கு மேசையை ஓங்கி ஒரு குத்துக் குத்த வேண்டும் போலிருந்தது. சாவிகள் இருந்ததால் குத்தவில்லை.

6. துரை மொடல்

அவர்கள் தேநீர்க் கடைக்குப் போன பிறகு, நானும் மாத்தயாவும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம். கருணாதாச பாஸ் கை துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவருக்கு அதில் ஒரு பிரச்சினையும் தெரியவில்லை.

"இவங்கட காரைச் சின்னதாக்க ஏலாது. அப்ப தொரை மாத்தயாட காரைப் பெருசாக்குவோமே?"

"எப்படி பாஸ்? இழுத்தா நீளுமா?"

அவர் எங்களைப் பின்பக்க முற்றத்துக்குக் கூட்டிப் போனார். வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய கார்களின் எலும்புக்கூடுகள் அங்கே புல்லுக்குள் கிடந்தன. இரும்பு பம்பர்கள், பனி விளக்குகள், கூரையில் பூட்டும் சாமான் கெரியர்கள், லொறியில் அடிப்பது போன்ற இரட்டை ஹோர்ன்கள். பாஸ் ஒவ்வொன்றாகக் காலால் தட்டிக் காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே பிஸ்கட் டின்னைத் திறந்தார்.

துரையின் கார் வந்ததும் மூன்று பேரும் அதன் மேல் விழுந்தோம். முன்னால் ஒரு பம்பருக்கு இரண்டு பம்பர். நான்கு பனி விளக்குகள். கூரையில் இரும்புக் கெரியர். தகடு விஷயத்தில் பாஸ் தாராளமாக இருந்தார். பொனட்டில் ஒரு 'கவர்னர்', பின்னால் ஒரு 'கவர்னர்', இரண்டு கதவிலும், இரண்டு மட்காட்டிலும், டேஷ்போர்டிலும் 'கவர்னர்'. எங்கே பார்த்தாலும் கவர்னர். மேலே பளிச்சென்று பொலிஷ் போட்டோம்.

துரை வந்து பார்த்தார். நெட்டையான ஆள், அதிகம் பேசாதவர். காரைச் சுற்றி நடந்து ஒவ்வொரு தகடாக வாசித்தார். "ஏன் இத்தனை?" என்று கேட்டார்.

"இது துரைமாருக்கு மட்டும் பூட்டுற மொடல் சேர்" என்றார் மாத்தயா, கண் இமைக்காமல். "மத்த ஆளுங்களுக்கு இருக்கிறது மொட்டை மொடல்."

துரை ஹோர்னை அழுத்தினார். டவுன் பஸ் ஒன்று ஒதுங்கி வழி விட்டது. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் டீமேக்கரும் மற்றவர்களும் முற்றத்தில் நின்று இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "இப்ப எப்படிங்க?" என்றேன். டீமேக்கர் பெருமூச்சு விட்டார். "இப்பத்தான் பார்க்க மரியாதையா இருக்கு. அது தொரை காரு, இது நம்ம காரு." சாவிகளை எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமும் பிழைத்தது. எனக்கு பாஸின் காலில் விழலாம் போலிருந்தது. கிரீஸாக இருந்ததால் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

கொழும்பு டிரெக்டர் இதைக் கேள்விப்பட்டுக் கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் ஒரே காரை 'டீலக்ஸ்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டாக்கி நாடு முழுக்க விற்க ஆரம்பித்துவிட்டார். அந்த யோசனை தனக்குக் குளிக்கும்போது வந்தது என்று எல்லோரிடமும் சொன்னாராம். கம்பெனி அந்தச் சின்னக் காரைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறியது.

7. கல்யாண ஊர்வலம்

ஈஸ்டர் கழிந்து எங்கள் கல்யாணம் நடந்தது. துரையும் அவர் மனைவியும் கோயிலுக்கு வந்திருந்தார்கள். டீமேக்கருக்குப் பெருமை தாங்கவில்லை. பூசை முடிந்து தோட்டத்துக்குப் புறப்பட்டோம். வரிசையை அவரே ஒழுங்கு பண்ணினார். முதலில் துரையின் கார். அடுத்து எங்கள் கல்யாணக் கார், அதுதான் டீமேக்கரின் மொட்டை மொடல், ஓட்டியதும் அவரே. அதற்குப் பின்னால் கொழுந்து ஏற்றும் லொறி. அதில் சொந்தக்காரர்களும் பேண்ட் வாத்தியக்காரர்களும் பாஸும்.

மழை பிடித்துக்கொண்டது. ஃபெக்டரிக்குக் கீழே அந்தச் செங்குத்தான வளைவில் துரையின் கார் திணறியது. இரண்டு பம்பர், கெரியர், விளக்குகள், கெரியரில் கட்டியிருந்த எங்கள் பரிசுப் பெட்டி. சின்ன என்ஜின் எவ்வளவுதான் தாங்கும்? முக்கியது, முனகியது, நின்றுவிட்டது. பின்னால் நாங்கள் நின்றோம். எங்களுக்குப் பின்னால் லொறி நின்றது. பேண்ட் வாத்தியம் மட்டும் நிற்கவில்லை.

"ஓரமா இடம் இருக்கு மாமா, நம்ம காரு போயிரும்" என்றேன்.

"தொரைய முந்தவா?" என்றார். நான் கோயிலுக்குள் கெட்ட வார்த்தை பேசின மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு இறங்கி ஓடிப் போய் துரையின் காரைத் தள்ள ஆரம்பித்தார். மாமனார் தள்ளும்போது மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க முடியுமா? கல்யாண சூட்டோடு நானும் இறங்கினேன். பின் சக்கரம் சுற்றி என் நெஞ்சு முழுக்கச் சேற்றை அடித்தது. கார் ஓரடி ஏறி, ஈரடி இறங்கியது. திரும்பிப் பார்த்தால், வெள்ளைச் சாரியை இழுத்துச் சொருகிக்கொண்டு, முக்காட்டுத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு ஸ்டெல்லாவும் வருகிறாள்.

அவள் தள்ளவில்லை. துரையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"சேர், இந்த இரும்பெல்லாம் கழட்டினாத்தான் காரு ஏறும். கழட்டுற ஆளு லொறியில இருக்காரு."

டீமேக்கர் "ஸ்டெல்லா!" என்று அலறினார். துரை கண்ணாடி வழியாகச் சேற்றில் நின்ற என்னைப் பார்த்தார், நனைந்து நின்ற பெண்ணைப் பார்த்தார். குடையோடு இறங்கினார். கருணாதாச பாஸ் கோட்டுப் பையில் கையை விட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டே ஓடி வந்தார். கல்யாணத்துக்கு ஏன் ஸ்பேனரோடு வந்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"கழட்ட நேரம் போகும்" என்றார் துரை. "பொண்ணு நனையுது. டீமேக்கர், நீங்க முன்னுக்குப் போங்க."

"இல்லீங்க சேர்."

"போங்கன்னு சொல்றேன்."

துரையின் சொல்லையும் மீற முடியாது, துரையின் காரையும் முந்த முடியாது. என் மாமனார் மழையில் நின்று தவித்த தவிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடைசியில் சாவியை என் கையில் கொடுத்தார். "நீங்க ஓட்டுங்க மாப்ள" என்றார். நான் ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு மெல்லக் காரை நகர்த்தினேன். அவர் ஏறவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் கார்ப் பக்கத்தில் நடந்தே வந்தார். துரைக்கு நேரே வந்ததும் நின்று, "குட் ஈவினிங் சேர்" என்றார். துரையும் "குட் ஈவினிங்" என்றார். அந்தக் காரின் முகப்பைத் தாண்டி நான்கு எட்டு வைத்த பிறகுதான், ஓடி வந்து முன் சீட்டில் விழுந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் மெல்லத் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். துரையின் கார் பின்னால் நின்றது. "நம்ம காரு ஏறிருச்சு மாப்ள" என்றார்.

8. கற்றுக்கொண்டது

அடுத்த வாரம் துரை கடைக்கு வந்தார். பம்பர்களையும் கெரியரையும் திரும்பப் பூட்ட வேண்டாம் என்றார். தகடுகளையும் கழற்றச் சொன்னார். போகிற வழியெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்று "கவர்னர், கவர்னர்" என்று எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்களாம். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்துப் பழக்கிய டீச்சர் யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. "எனக்கும் அந்த மொட்டை மொடலே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

துரையின் காரும் டீமேக்கரின் காரும் இப்போது ஒரே மாதிரிதான். இந்தச் செய்தி தெரிந்தால் மாமனார் மறுபடி சாவியோடு வருவார் என்று எனக்குக் கவலை. வந்தார். ஆனால் காரில் வந்தார். கராஜுக்குள் நேராக ஓட்டி வந்து, கதவைச் சாத்தச் சொன்னார். சுற்றிலும் பார்த்தார்.

"மாப்ள, தொரை கழட்டின தகட்டுல ஒண்ணு கெடைக்குமா?"

"கெடைக்கும் மாமா. முன்னாடி பூட்டவா, பின்னாடியா?"

"ஐயோ, வெளிய வேணாம்." அவர் பொனட்டைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். "இங்க."

பாஸ் சிரிக்காமல் பூட்டிக் கொடுத்தார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

சேல்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். என்ஜினைப் பற்றிப் படியுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால், வாங்க வருகிற ஆள் யாருக்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். அதற்கும் முன்னால், பயத்துக்குள்ளே அவர் எதை ஆசைப்படுகிறார் என்று பாருங்கள். இரண்டையும் ஒரே காரில் கொடுக்க முடிந்தால் உங்கள் கடையை யாராலும் மூட முடியாது.

என் மாமனார் அந்தக் காரைக் கடைசிவரை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும், ஒயில் பார்க்கிறேன் என்று பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பார். ஒயில் பார்க்கும் கம்பியை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை.